ஒரு லிட்டர் தூரம்

வெள்ளை மாருதி புதுப்பாக்கத்தில் இருமி இருமி நின்றது. பின்னால் வந்த டெம்போவில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் அஞ்சலியின் மாமியார் அங்காளம்மாள்.

அஞ்சலி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அவள் கணவன் தனசேகர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினான். உள்ளே கம்பி போட்டுக் கட்டியிருந்த சின்ன கேன் காலியாகக் கிடந்தது. கடலில் படகு இன்ஜினுக்குத் தனிக் கேனிலிருந்து குழாய் விட்டு எண்ணெய் கொடுப்பார்கள். அதேபோல அன்று காலையில் காரின் டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு இந்தக் கேனை மாட்டியிருந்தான் அவன். ஒரு லிட்டருக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி அவனுக்குத் தெரியாது.

"ஒம்போது," என்றான் திரும்பி வந்து. "ஒம்போதுகூட முழுசா இல்லமே."

டெம்போ பக்கவாட்டில் வந்து நின்றது. அதன் சொந்தக்காரர் துளசிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். குப்பத்துப் பெண்களை மீன் கூடைகளோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர் வண்டிதான்.

"இன்னா தங்கச்சி, இது குடிக்கிற குடியைப் பார்த்தா நம்ம குப்பத்து ஆம்பளைங்களே தேவலாம் போலக்கீதே?"

"அவங்களாவது பொழுது சாஞ்சப்புறம் ஆரம்பிக்கிறாங்கண்ணா. நீ விடியிறதுக்குள்ள வாயத் தொறந்துட்டியே."

டெம்போவில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது யாருக்கானது என்று துளசிங்கத்துக்குத் தெரிந்தது. கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோவளத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் கார் வைத்திருந்த மீன்காரி அஞ்சலி ஒருத்திதான். சேலையூரில் அவளிடம் வெகுநாளாய் மீன் வாங்கிவந்த தேவானந்தம் சாருக்குக் கண் மங்கிப்போய், ஷெட்டில் சும்மா நின்றிருந்த வண்டி அது. வயதான வண்டி, கார்புரேட்டர் காலத்துடையது. கேளம்பாக்கத்தில் டிரைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, மீன் விற்றுச் சேர்த்ததைக் கொடுத்து வாங்கினாள். பின்சீட்டில் பாதியைக் கழற்றி எடுத்துவிட்டு ஐஸ் பெட்டி வைத்தாள்.

அதற்கு முன் அவளும் டெம்போவில்தான் போனாள். துளசிங்கம் கிளம்பும்போது கிளம்ப வேண்டும், அவர் இறக்கிவிடும் இடத்தில் இறங்க வேண்டும், அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே கடலின் ஒரே மீனைத் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து விற்க வேண்டும். கார் வந்த பிறகு சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்று தெருத் தெருவாக அவளுக்கு வாசல்கள் திறந்தன. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் கிளம்புகிறவர்கள் முந்தின நாளே போனில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் குக்கர் வைப்பதற்குள் மீன் வாசலில் இருக்கும். இதெல்லாம் வியாபாரக் கணக்கு. யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. விடியற்காலையில் மாம்பாக்கம் ஏரி ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது, அந்தச் சாலை தனக்காகவே விரித்துப் போட்டது போலிருக்கும் அவளுக்கு. அந்த நேரத்தில் அவள் யாருக்கும் மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை.

இப்போது வண்டி பெட்ரோலாகக் குடித்தது. மீன் விற்றதில் பாதி பங்க்கிலேயே போனது. தனசேகருக்குப் படகு இன்ஜின் தண்ணீர் பட்ட பாடு. ஸ்பார்க் பிளக்கை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிப் பிரஷ் வைத்துத் தேய்த்தான். ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு தெரு தூரம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான். கடற்கரையில் ஏலம் நடக்கும்போது ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எல்லாருடைய வைத்தியமும் இன்ஜினிலேயே போய் நின்றது.

அப்படி ஓர் ஏலத்தில்தான் துளசிங்கம் சொன்னார்: "தனசேகரு, அதை என்கிட்ட குடுத்துடு. பழைய வண்டி உடைக்கிறவன் எனக்குத் தெரிஞ்சவன்தான். தங்கச்சி பழையபடி நம்ம வண்டியில வரட்டும். இடம் வெச்சிருக்கேன்."

அவருடைய அக்கறைக்குக் காரணம் இருந்தது. டெம்போவில் வரும் ஜெயஸ்ரீ உட்பட இரண்டு மூன்று பெண்கள், "நம்மளும் சேந்து ஒரு பழைய வண்டி வாங்கினா இன்னா?" என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அஞ்சலியின் கார் நின்றால் அந்தப் பேச்சும் நிற்கும்.

ஊர் ஆம்பளைகள் முன்னால் கேட்டதும் தனசேகருக்கு ரோஷம் வந்தது. அந்த ரோஷம் தப்பான பக்கம் திரும்பியது. "அம்மனுக்குக் கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள ஒரு லிட்டர்ல கண்டிகை தாண்டணும், இப்ப ஓடுறதுல ரெண்டு பங்கு. தாண்டலன்னா எடுத்துக்கோண்ணா," என்று சொல்லிவிட்டான்.

அஞ்சலி அங்கேயேதான் கூடையோடு நின்றிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

*

டெபோரா டீச்சர் வீடு சேலையூரில் ஒரு முட்டுச்சந்தில் இருந்தது. சனிக்கிழமை காலையில் டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி மூக்கைச் சுளித்தார்.

"அஞ்சலி, மீன் ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கு. ஆனா ஏதோ தீயுற ஸ்மெல் வருதே?"

"உங்க அடுப்புல இன்னா வெச்சீங்க டீச்சர்?"

"என் அடுப்பா? உன் வண்டிதான்மா. பாரு, புகையுது!"

அஞ்சலி குனிந்து பார்த்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து கசிந்த மீன் தண்ணீர், காரின் துருப்பிடித்த தரை ஓட்டை வழியாகப் பின்சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் சொய்யென்று ஆவியானது. விரலால் தொட்டவள் சட்டென்று கையை உதறினாள். முன்சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தாள். அது சாதாரணமாக இருந்தது.

"டீச்சர், இன்ஜின் முன்னாடிதானே கீது?"

"ஆமா."

"அப்ப பின்னாடி ஏன் சுடுது?"

டெபோரா டீச்சர் தமிழ் டீச்சர். தோளைக் குலுக்கிவிட்டு, "நடு துண்டா போடு, வால் வேண்டாம்," என்றார்.

மீனை வெட்டிக்கொண்டே அஞ்சலி காசிமேட்டை நினைத்துக்கொண்டாள். அவள் பிறந்து வளர்ந்தது அங்கே. அவள் அப்பா வேலை பார்த்த லாஞ்சு ஒரு வருஷம் திடீரென்று டீசலாகக் குடித்தது. முதலாளி இன்ஜினைக் கழற்றிப் போட்டு ஆள்மேல் ஆள் வைத்துப் பார்த்தார். கடைசியில் லாஞ்சைக் கரையேற்றினால் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டிக் கிடந்தது. கடல் அந்தச் சிப்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறது, இன்ஜின் முன்னால் இழுத்திருக்கிறது. இவள் வந்து விழுந்த குப்பத்திலோ படகுகளைத் தினமும் மணலில் ஏற்றிவிடுவார்கள். சிப்பிக்கு இங்கே வேலையே இல்லை. இங்கே இருப்பவர்களுக்குப் படகு என்றால் இன்ஜின், பழுது என்றால் இன்ஜின்.

என் வண்டியை யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்தாள் அஞ்சலி. அந்த நினைப்பே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

*

கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் இருந்த மெக்கானிக் ஜெஃப்ரியின் ஷெட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, ஜெஃப்ரி ஒரு ஆம்னி வேனின் அடியில் படுத்திருந்தான். முந்தின மாதமே இந்த வண்டியைப் பார்த்துவிட்டு இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொன்னவன் அவன்.

"வந்துட்டியாக்கா? இன்ஜின் இறக்கிடலாமா?" என்றான் அடியிலிருந்தே.

"இன்ஜின்ல கை வெச்சே, கையை வெட்டிருவேன். மீன் கத்தி வண்டியிலதான் கீது. பின்னாடி ஜாக்கி போடு."

ஜெஃப்ரி உருண்டு வெளியே வந்தான். "டாக்டர்கிட்ட வந்து ஊசி எங்க போடணும்னு நீயே சொல்றியேக்கா."

"சொல்லுவேன். வலிக்கிறது எனக்குத்தானே? போடு."

ஜாக்கியில் பின்பக்கம் உயர்ந்தது. ஹேண்ட்பிரேக் இறக்கித்தான் இருந்தது. ஜெஃப்ரி சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினான். கறகறவென்று கால் வட்டம் வந்து நின்றது. ஜெஃப்ரி அவளைப் பார்த்தான். பிறகு சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான்.

உள்ளே துரு அடுக்கடுக்காக இருந்தது. அதன்மேல் வெள்ளையாக உப்பு. உப்புக்கு மேல் பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெஃப்ரி அதைச் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"செதிலு. அக்கா, இது பிரேக்கா, கருவாடா?"

"சிரிக்காத. இன்னா ஆயிருக்கு, அதைச் சொல்லு."

அவன் சொன்னான். பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், விட்டால் திரும்பி வர வேண்டும். இங்கே அவை திரும்பி வரவே இல்லை, எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. ஹேண்ட்பிரேக் கேபிளும் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து, இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. இது போதாதென்று டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது.

"போன மாசம் சைலன்சர்ல புகை வந்துச்சா, நான் இன்ஜின்னு நெனச்சுட்டேன்," என்றான் ஜெஃப்ரி, கழுத்தைச் சொறிந்தபடி. "இன்ஜினும் ஒண்ணும் புதுசு இல்ல, கொஞ்சம் ட்யூனிங் பண்ணணும். ஆனா இப்படிப் பின்னாடி புடிச்சு இழுத்தா, எந்த இன்ஜின்தான் திணறாது? ஆமா, ஹேண்ட்பிரேக்க இந்த இழு இழுக்கிறது யாரு? கப்பலைக் கட்டுற மாதிரி?"

யார் என்று அஞ்சலிக்குத் தெரியும்.

இரண்டு நாள் வண்டி ஷெட்டில் கிடந்தது. அந்த இரண்டு நாளும் அவள் டெம்போவில் போனாள். துளசிங்கம் அவளுக்கென்று ஒரு மூலையைத் துடைத்துப் போட்டிருந்தார். அவள் அதில் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை நின்றுகொண்டே போனாள். ஜெஃப்ரி புது பிரேக் கட்டைகள் போட்டான், புது கேபிள் போட்டான், டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினான். தரை ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, ஐஸ் பெட்டிக்கு ஒரு குழாய் பொருத்தி, மீன் தண்ணீர் சக்கரத்தின் பக்கமே போகாமல் வெளியே விழும்படி செய்தான். கடைசியில் கார்புரேட்டரைச் சரிபார்த்து, நான்கு டயருக்கும் காற்றடித்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஒற்றைக் கையால் தள்ளினான். அது நகர்ந்தது.

"நீயும் தள்ளிப் பாரு," என்றான்.

அஞ்சலி இடுப்பால் ஓர் இடி இடித்தாள். வண்டி ஷெட் வாசல்வரை தானாக உருண்டது. இரண்டு வருஷமாகத் தன்னோடு இருந்த ஒன்று இப்போதுதான் தன்னிடம் வாய் திறந்து பேசியது போலிருந்தது அவளுக்கு.

*

தனசேகர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யோவ், ஹேண்ட்பிரேக்கை எதுக்கு ரெண்டு கையால இழுக்குற?"

"கட்டாம வுட்டா போயிடாது?"

"எங்க போவும்? கடலுக்கா?"

"இன்னாமே கேக்குற? படகை இழுத்துக் கட்டாதவனுக்கு வூட்டுல தூக்கம் வருமா? நானும் தெனம் பொழுது சாஞ்சா போய் ஒரு தபா இழுத்துட்டுதான் வரேன். உனக்காகத்தான்."

"டயர்ல காத்தைப் புடுங்கி வுடுறதும் எனக்காகத்தானா?"

"ஏலத்து மணல்ல எறங்குச்சுன்னா பொதையாதா? காத்து கம்மியா இருந்தா மணல்ல போவும். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடிக்கவும் தோன்றியது. தண்ணீரில் தெரிந்ததையெல்லாம் அப்படியே தரைக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். தானும்தான் அதைக் கேட்காமல் விட்டோம் என்று நினைத்தாள். காலையில் அந்த ஹேண்ட்பிரேக்கை இறக்க அவளுக்கும் இரண்டு கை வேண்டியிருந்தது. கார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

"இனிமே வண்டி மணலுக்கு வராது," என்றாள். "ரோட்டுலதான் நிக்கும். கூடையை நான் தூக்கினு வந்துப்பேன். ராத்திரிக்கு கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லு. நீ அதுகிட்டயே போவாத."

"சரிமே. ஆனா கண்டிகை கண்டிகைதான். நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேன்."

"நாலு பேர் முன்னாடியே ஓட்டுறேன். கேன்ல பெட்ரோலை அந்த துளசிங்கம் அண்ணனையே ஊத்தச் சொல்லு. அப்புறம் யாரும் எதுவும் பேசக் கூடாது."

*

கூழ் ஊற்றும் ஞாயிறுக்கு முந்தின நாள். ஏலம் முடிந்து வெளுத்துக்கொண்டு வந்தது. துளசிங்கம் தன் கையாலேயே லிட்டர் அளவையில் பெட்ரோலை ஊற்றி, அளவையைக் கவிழ்த்தும் காட்டினார். குனிந்து டயர்களைப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"எதிர்க்காத்து," என்றார் நிமிர்ந்து. "ஆடிக்காத்து மேற்கேயிருந்து வருது. நாளைக்கு வெச்சுக்கலாமா தங்கச்சி?"

"காத்துக்குப் பயந்தா கடலோரத்துல இன்னாத்துக்குக் குடியிருக்கேன்? ஏறுண்ணா உன் வண்டியில."

அவள் கிளம்பினாள். தனசேகர் பக்கத்தில். டெம்போ பின்னால். கேளம்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது அஞ்சலி இன்ஜினை அணைத்தாள். தனசேகர் பதறினான். "மறுபடி ஸ்டார்ட் ஆவலன்னா?" அவள் சிக்னலைப் பார்த்தபடி சாவியில் கை வைத்திருந்தாள். பச்சை விழுந்தது, வண்டி கிளம்பியது.

புதுப்பாக்கம் வந்தது. போன முறை நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அது பக்கத்தில் வந்து, பின்னால் போனது. டெம்போவில் சிரிப்புச் சத்தம் இல்லை. சாலை லேசாகச் சரியும் இடங்களில் அஞ்சலி காலை எடுத்தாள். துடுப்பை எடுத்த பிறகும் படகு கொஞ்சதூரம் போகுமே, அதுபோல வண்டி போய்க்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து புடவையைப் பிடித்தது போல உடனே தேங்கும். அவள் அதைப் பழகியே போயிருந்தாள்.

மாம்பாக்கம் ஏரிமேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. டெம்போ நெருங்கி வந்தது. ஜெயஸ்ரீ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அக்கா, இன்னும் கீதா?"

"கீது!"

கண்டிகை வந்தது. கடைகள் ஷட்டர் தூக்கிக்கொண்டிருந்தன. தனசேகர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். கண்டிகை போனது. பின்னால் டெம்போவில் பெண்கள் கூடை மூடிகளைத் தட்டத் தொடங்கினார்கள். ஓட்டிக்கொண்டிருந்த துளசிங்கம் அதட்ட அதட்டச் சத்தம் கூடியது. மேலக்கோட்டையூரில் ஒரு புளியமரத்துக்கு எதிரே வண்டி ஒருமுறை விக்கி, ஓரமாகப் போய், அமைதியாக நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள். தனசேகர் கேனைத் தலைகீழாகப் பிடித்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"இன்னிக்கு ஓடிடுச்சு," என்றார் துளசிங்கம். "ஒத்துக்கிறேன். ஆனா கிழட்டு வண்டிம்மா. நாளைக்கு இன்னொண்ணு புட்டுக்கும்."

"புட்டுக்கிட்டா ரிப்பேர் பண்ணுவேன்."

தனசேகர் மீசையைத் தடவிக்கொண்டான். அவன் முகத்தில் தானே ஓட்டி வந்ததுபோல ஒரு பெருமை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னான்: "சரி. சொன்னா சொன்னதுதான். கண்டிகை தாண்டிருச்சு. வண்டியை நீயே வெச்சுக்கோ அஞ்சலி."

அஞ்சலி டிக்கியிலிருந்து பெட்ரோல் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே தரையில் வைத்தாள்.

"யாரு எதை யாருக்குக் குடுக்குறது?"

"இன்னாமே, வெச்சுக்கோன்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான் கேக்குறேன். நீ இன்னா வெச்சுக்கோன்னு சொல்றது? நான் மீன் வித்து வாங்கின வண்டி. புதுப்பாக்கத்துல நின்னப்பவும் என்துதான், இங்க நிக்கிறப்பவும் என்துதான். அன்னிக்குக் கரையில நின்னுகினு கண்டிகை தாண்டலன்னா எடுத்துக்கோன்னு சொன்னியே, பக்கத்துல நான் நின்னுகினு இருந்தேன், பார்த்தியா?"

சாலையில் காலேஜ் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப எதுக்கு ஓட்டிக் காமிச்சே?" என்றான் தனசேகர், குரல் இறங்கி.

"உனக்குக் காமிக்க இல்ல. என் வண்டிக்கு இன்னா நோவுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுகினேன். இதோட சரி. இனிமே இதுல எவனும் கேன் மாட்ட மாட்டான், எவனும் பரீட்சை வெக்க மாட்டான். எட்டு ஓடினாலும் என் பாடு, எண்பது ஓடினாலும் என் பாடு." துளசிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உனக்கும்தான். என் மூலையைத் துடைச்சுத் துடைச்சு வெக்காத. அதுல வேற கூடை ஏத்திக்கோ."

துளசிங்கம் வாயைத் திறப்பதற்குள் டெம்போவின் பின்பக்கத்தில் சலசலப்பு கேட்டது. அங்காளம்மாள் தன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பெரியம்மா, நீயுமா?" என்றார் துளசிங்கம்.

"ஏன், உன் டெம்போவுக்கு நான் இன்னா வாக்கப்பட்டா வந்தேன்? குலுக்குற குலுக்குல முட்டி கழண்டு போச்சு." மருமகளைப் பார்த்து, "முன்சீட்டுல ஏறிக்கிறேன். வஞ்சிரத்து மேல என் கூடைய வெக்காத, உன்து நசுங்கினா என்னைத்தான் திட்டுவே," என்றாள். அன்று புதுப்பாக்கத்தில் சிரித்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அஞ்சலியும் கேட்கவில்லை.

தனசேகர் டேங்க் குழாயைத் திரும்ப மாட்டி, பாட்டில் பெட்ரோலை டேங்கில் ஊற்றிவிட்டு வந்து பார்த்தான். முன்சீட்டில் அவன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஐஸ் பெட்டி, அதன் பக்கத்தில் அம்மாவின் கூடை.

"அப்ப நான்?"

"டெம்போவுல ஒரு மூலை காலியா கீதே," என்றாள் அஞ்சலி. "துடைச்சு வேற வெச்சிருக்காரு."

ஜெயஸ்ரீ கை நீட்டி அவனை மேலே தூக்கிவிட்டாள். "மாமா, கம்பியைக் கெட்டியா புடிச்சுக்கோ. அண்ணன் கோவத்துல ஓட்டுவாரு," என்றாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

போன் அடித்தது. டெபோரா டீச்சர்.

"எங்கம்மா இருக்கே? இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, நான் கிளம்பணும்."

"வந்துகினே இருக்கேன் டீச்சர். வண்டலூர் தாண்டப் போறேன். மசாலாவை அரைச்சு வைங்க."

இன்னும் வண்டலூரின் பக்கத்தில்கூட வரவில்லை. அங்காளம்மாள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அஞ்சலி கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, எதிர்க்காற்று முகத்தில் அறைய அறைய வண்டியைச் சாலைக்கு ஏற்றினாள்.